கோட்டுக்கு வலப்பக்கம்

நவம்பர் 4, திங்கள்

எழுந்தது 4.40. எடை 58.2. தூக்கம் ஆறு மணி நேரம். ஓட்டம் பன்னிரண்டு சுற்று.

தோப்பியாஸ் சார், வணக்கம். காலேஜ் கால்பந்து அணியின் பதினெட்டு பேர் பட்டியலில் பதினெட்டாவது பெயர் என்னுடையது. டென்சில், பி.காம். முதலாமாண்டு, வலது விங். பட்டியலை ஒட்டின கையோடு ஆளுக்கொரு நோட்டு கொடுத்தீங்க. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவுல சிவப்புக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் 'இன்று கற்றது'. சனிக்கிழமை உங்க கைக்கு வரணும், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்தோட திரும்பி வரும்னு சொன்னீங்க.

இன்று கற்றது: கால்பந்தில் கால் நம்முடையது, பந்து காலேஜுடையது. வாய் மட்டும் யாருக்கும் கிடையாது.

சட்டங்களை கேப்டன் ஷிபு அண்ணன் ஒப்பிச்சார். போன் பெட்டிக்குள்ளே. லேஸ் முனை ஷூவுக்குள்ளே. சாக்ஸ் முட்டிக்கு ரெண்டு விரல் கீழே. ஒருத்தன் ஒரு நிமிஷம் பிந்தினாலும் மொத்த அணியும் ஓடும். பிந்தினவன் மட்டும் ஓட மாட்டான். மைதானத்தின் நட்ட நடு வட்டத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்து மத்தவங்க ஓடறதைப் பார்க்கணும்.

"ஓடுறதவிட அது கஷ்டம் மக்கா"ன்னார் ஷிபு அண்ணன். "ஒருக்க பஸ் கெட்டுப்போய் சாரே ரெண்டு நிமிஷம் பிந்திட்டாரு. அவரே நாற்காலிய தூக்கிட்டு வந்து இருந்தாரு."

"அப்போ சார் தப்பு பண்ணினாலும் ஓடுறது நாமதானா அண்ணே?"

அதைக் கேட்டதுக்கு எனக்கு ஒரு கொட்டு.

நவம்பர் 6, புதன்

எழுந்தது 4.40. எடை 58.2. தூக்கம் ஆறு.

மூணாம் வருஷம் பெனடிக் அண்ணன் அறையில் எனக்கு இடம். நடுக்களத்தில் ஆடறவர். கடற்கரைக்காரர், எங்க ஊருக்கு ரெண்டு ஊர் தள்ளி. படுத்தா குறட்டை, எழுந்தா ஜெபம். அவர் பெட்டியில் இருந்த பேஸ்ட் டியூபில் ஷேவிங் கிரீமை ஏத்தி வச்சேன். காலையில் வாய் நிறைய நுரையோட வந்து, "லேய், உன் பல்லுக்கு மீசை முளைக்கட்டும்னு மாதாகிட்ட வேண்டிக்கிறேன்"னார். நல்ல மனுஷன்.

மீசைன்னதும் ஞாபகம் வருது. சார், உங்க மீசை வலப்பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் கூடுதல். சாக்ஸுக்கு விரல் வச்சு அளக்கிற மாதிரி அதையும் ஒருக்கா அளந்து பாருங்க.

இன்று கற்றது: மேலே உள்ளதை எழுதக் கூடாது.

நவம்பர் 10, ஞாயிறு

நோட்டு திரும்பி வந்தது. மீசை எழுதின பக்கத்திலும் கையெழுத்து! மறுப்பே இல்லை. வெள்ளிக்கிழமை எடையைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம்: '300 கிராம் கூடுதல்.' அது விடுதி மரச்சீனிக் கிழங்கோட கைவரிசை சார், எனக்குச் சம்பந்தமில்லை.

உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லதா எழுதியிருப்பேன்.

நவம்பர் 12, செவ்வாய்

எழுந்தது 4.40 (நான் மட்டும்). எடை 58.3. ஓட்டம் பூஜ்யம்.

உங்க விசிலுக்குள்ள உருளுமே ஒரு குட்டி உருண்டை, நேத்து சாயங்காலம் ஊக்கு வச்சு அதை எடுத்தது நான்தான். 4.40க்கு நீங்க ஊத, அது சளி பிடிச்ச பல்லி மாதிரி 'ஃபூ'ன்னுச்சு. விடுதியே தூங்கிட்டிருந்தது. அஞ்சு பத்துக்குத்தான் எல்லாரும் மைதானத்துக்கு வந்தாங்க.

"யாரு?"ன்னு மட்டும்தான் கேட்டீங்க. கத்தலை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். முன்னாடி வந்தேன்.

"இருபது சுற்று."

"நான் ஓடறேன் சார்."

"நீ ஓடக் கூடாது. இருந்து பாரு."

அஞ்சு சுற்று வரைக்கும் ராஜா மாதிரி இருந்தது. பத்தாவது சுற்றில், என்னைக் கடந்து போகிற ஒருத்தனும் என் முகத்தைப் பார்க்கலை. திட்டினாக்கூடப் பரவாயில்லைன்னு தோணிச்சு.

ஒரு சுவாரசியம் மட்டும் கிடைச்சது. நீங்க மைதான கேட் பக்கம் நிற்பீங்க. அங்கிருந்து பார்த்தா வடக்கு கோல் பின்னாடி இருக்கிற தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் தெரியாது. நாற்காலியில் இருந்து பார்த்தா நல்லாத் தெரியும். ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு சுற்றிலும் தொட்டிக்குப் பின்னாடி வந்ததும் ஆறு அடி நடக்கிறார். எண்ணிப் பார்த்தேன், சரியா ஆறு அடி. வெளியே வரும்போது மறுபடி ஓட்டம். கள்ளன்! எனக்குச் சிரிப்பு தாங்கலை. கையைத் தட்டினேன்.

நவம்பர் 13, புதன்

எழுந்தது 4.30. எடை 58.

நேத்து எழுதின தண்ணித் தொட்டி விஷயம் சும்மா அளந்தது சார். யாரும் நடக்கலை. கண்ணில் வேர்வை பட்டிருக்கும். உட்கார்ந்திருந்தவனுக்கு எங்கே வேர்வைன்னு நீங்க கேட்கலாம். கேட்காதீங்க.

இன்று கற்றது: நேத்து எனக்கு நிறையச் சிரிப்பு வந்தது.

நவம்பர் 15, வெள்ளி

எழுந்தது 4.20. எடை 57.9.

விடுதியில் தண்ணி கீழே, எங்க அறை மாடியில். ரெண்டு வாளியா தூக்கிட்டு ஏறினேன். கைக்குப் பயிற்சி. அறையில் எண்ணெய் வாடை அடிக்குதுன்னு வார்டன் கேட்டார். எனக்கு முடி கொட்டுதுன்னேன். என் தலையைப் பார்த்தார். காடு மாதிரி இருந்தது. போயிட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

கையெழுத்து வந்தது. பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில், ஓட்டம் பூஜ்யம்னு எழுதினதைச் சுற்றி சிவப்பு வட்டம். தொட்டியைப் பத்தி ஒண்ணும் கேட்கலை. பதிமூணாம் தேதி எழுதினதை நம்பிட்டீங்க போல. நல்லது சார். நல்லதுதானே?

நவம்பர் 19, செவ்வாய்

எழுந்தது 4.10. எடை 57.8. ஓட்டம் பன்னிரண்டு. தண்டனை ஓட்டம் இல்லை.

நாலு பத்துக்கே எழுந்து கதவு கதவா தட்டறேன். ஒவ்வொருத்தன் லேஸையும் குனிஞ்சு பார்க்கறேன். சாக்ஸுக்கு ரெண்டு விரல் வச்சு அளக்கறேன். போன் பெட்டியில் பதினெட்டு இருக்கான்னு எண்ணறேன்.

"என்னலே, பேய் கீய் பிடிச்சிருக்கா?"ன்னார் ஷிபு அண்ணன். "போன வாரம் விசிலத் திருடினவன் இந்த வாரம் போலீஸா?"

"திருடனுக்குத்தான் அண்ணே பூட்டோட அருமை தெரியும்."

"எங்களுக்கு உன் அருமை தெரியல. கதவ ஒடைச்சிராத."

ஒருத்தரும் தப்பு பண்ணலைன்னா ஒருத்தரும் இருபது சுற்று ஓட வேண்டாம். கணக்கு அவ்வளவுதான்.

நவம்பர் 21, வியாழன்

எழுந்தது 4.10. எடை 57.8. ஓட்டம் பன்னிரண்டு, அதோட பதினைஞ்சு.

ஷிபு அண்ணன் காற்சட்டைப் பையில் ரெண்டாவதா ஒரு போன். என் எண்ணிக்கைக்குள் வராத போன். கேப்டன் நாற்காலியில், நாங்க பதினைஞ்சு சுற்று. என் முன்னாடி ஓடினவர் சட்டைக் காலரைக் கடிச்சுக்கிட்டே ஓடினார். பசி போல. தொட்டிக்குப் பின்னாடி வரும்போது என் தோளை ஒரு கை பிடிச்சது. அப்புறம் விட்டுது.

ராத்திரிச் சாப்பாட்டில் ஷிபு அண்ணனோட மீன் துண்டை எடுத்துட்டேன். நாலு நாள் பேசலைன்னாலும் பரவாயில்லை.

நவம்பர் 23, சனி

எழுந்தது 4.10. எடை 57.7.

இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க: "டென்சில் திருந்திட்டான். ஒழுங்குன்னா என்னன்னு அவன்கிட்ட கேட்டுக்கோங்க." பதினாறு பேர் திரும்பிப் பார்த்தாங்க. பெனடிக் அண்ணன் தரையைப் பார்த்தார்.

சார், வாழ்க்கையில் முதல் தடவையா ஒரு வாத்தியார் என்னைப் பாராட்டறார். அதை எங்கே வச்சுக்கறதுன்னு தெரியாம என் லேஸைக் குனிஞ்சு பார்த்தேன்.

நவம்பர் 28, வியாழன்

எழுந்தது 4.10. எடை 57.9. ஆட்டம்: காலிறுதி, 4-0.

உண்மையை ஒத்துக்கணும். எதிர் அணி எழுபதாவது நிமிஷம் இடுப்பில் கை வச்சு நின்னாங்க. நமக்கு அப்போதான் விடிஞ்ச மாதிரி இருந்தது. கடைசி இருபது நிமிஷத்தில் மூணு கோல். ஆறு வருஷமா பல்கலைக்கழகக் கோப்பை நம்ம அலமாரியை விட்டு ஏன் வெளியே போகலைன்னு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தப்போ புரிஞ்சது. யார் எங்கே இருப்பான்னு திரும்பிப் பார்க்காமலே பந்து போகுது.

முடிஞ்சதும் எங்க பதினெட்டு ஜெர்ஸியையும் நீங்களே விடுதிக் கல்லில் அடிச்சுத் துவைச்சீங்க. "நான் பண்றேன் சார்"னு வந்தேன். "நீ போய்க் காலை நீட்டிப் படு. நாளைக்குக் கால் வேணும்"னீங்க. உங்க கையில் சோப்பு நுரை. அப்போ எனக்கு ஒண்ணு சொல்லணும் போல இருந்தது. சொன்னேன்: "சார், நம்பர் எட்டு ஜெர்ஸி காலர் கிழிஞ்சிருக்கு."

"தைச்சுக்கலாம்"னீங்க.

டிசம்பர் 3, செவ்வாய்

எழுந்தது 4.10. எடை 57.6. நேத்து அரையிறுதி, 2-1.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ரெண்டு மணி நேரம் அனுமதி. கடையில் மெழுகில் செஞ்ச கை, கால், கண் எல்லாம் நேர்ச்சைக்கு விற்கறாங்க. கால் ஒண்ணு வாங்கி வச்சேன். இடது கால் தீர்ந்துபோச்சாம், வலதுதான் இருந்தது. சவேரியார் புரிஞ்சுக்குவார். அவருக்கும் வலப்பக்கம் படிக்கிற பழக்கம் இருந்தா சரி.

டிசம்பர் 5, வியாழன்

சார், இன்னைக்கு ஜோக் இல்லை.

பெனடிக் அண்ணனோட இடது முட்டி போயிட்டிருக்கு. செப்டம்பரிலேயே திரும்பியிருக்கு. விசில் நாளன்னைக்குத் தொட்டிக்குப் பின்னாடி நடந்தது அவர்தான். அன்னைக்குச் சாயங்காலம் அறையில் சாக்ஸைக் கழட்டினார். முட்டி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பன் இருந்தது. நான் விளையாட்டுக்கு விசில் உருண்டையை எடுத்தேன், அவர் இருபது சுற்று அந்த முட்டியோட ஓடியிருக்கார். நான் கை தட்டினேன்.

தக்கலையில் ஒரு வர்ம ஆசான் எண்ணெய் போட்டுக் கட்டிவிடறார். மூணு மாசம் ஓடவே கூடாதுன்னு சொல்லிட்டார். பெனடிக் அண்ணன் கேட்கலை. பத்தாம் தேதி இறுதி ஆட்டத்துக்கு அரசுத் துறை அணி ஒண்ணுக்கு ஆள் எடுக்க வர்றாங்க இல்லையா, அதுக்காக. "ஒரே ஒரு ஆட்டம் மக்கா. வேலை கிடைச்சா மூணு மாசம் என்ன, மூணு வருஷம் படுத்துக்கிடுவேன். சார் அறிஞ்சா பெஞ்சுல உக்காத்திருவாரு. வாயால சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வாயால சொல்ல மாட்டேன்னுதான். கையைப் பத்திப் பேச்சே இல்லை. அதனால எழுதறேன்.

அதுக்கப்புறம் நான் எல்லார் கதவையும் தட்டினது திருந்தினதால இல்லை சார். அவர் ஓடக் கூடாதுன்னுதான். நேத்துப் பயிற்சி முடிஞ்சு மாடிப்படி ஏறும்போது உட்கார்ந்துட்டார். கீழே இருந்து மூணாவது படி. எழுந்திருக்கப் பத்து நிமிஷம். "யாராவது வாறாங்களான்னு பாரு"ன்னார். பார்த்தேன். அதைத்தான் மூணு வாரமா பண்ணிட்டிருக்கேன்.

ஆள் எடுக்க வர்றவங்ககிட்ட நீங்க பேசினா கேட்பாங்க. ஆறு கோப்பை ஜெயிச்சவர். இவன் மூணு மாசம் கழிச்சு வருவான், அப்போ பாருங்கன்னு நீங்க சொன்னா போதும். என்னால ஒண்ணும் முடியலை.

டிசம்பர் 7, சனி

எழுந்தது 4.10. எடை 57.4.

நோட்டைக் கொடுத்தாச்சு. பதினெட்டு நோட்டு அடுக்கில் என்னுடையதை எல்லாத்துக்கும் மேலே வச்சேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எழுந்தது 4. எடை 57.4.

வந்துடுச்சு. அஞ்சாம் தேதிப் பக்கத்தில் கையெழுத்து. இடப்பக்கம் காலியா விட்டிருந்தேன். அங்கே சிவப்பில்: 'எடை எங்கே?'

வேற ஒண்ணும் இல்லை. பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சும் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு இறுதி ஆட்டத்துக்கான பட்டியல் ஒட்டினாங்க. முதல் பதினொண்ணில் நம்பர் எட்டு, பெனடிக்.

சரி சார். நீங்க படிச்சுட்டு யோசிச்சுத்தான் முடிவெடுத்திருப்பீங்க. ஒரு ஆட்டம் தாங்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது.

டிசம்பர் 9, திங்கள்

எழுந்தது 4. எடை 57.2.

சாயங்காலம் உங்க அறை வாசலில் நின்னேன். கதவு திறந்தே இருந்தது. நம்பர் எட்டு ஜெர்ஸி காலரைத் தைச்சுக்கிட்டு இருந்தீங்க.

"என்ன டென்சில்?"

சத்தியத்தை மீறிடலாம்னுதான் வந்தேன். மாதா மன்னிப்பாங்க. ஆனா எழுதினதைப் படிச்சு, கையெழுத்தும் போட்டவர்கிட்ட அதையே மறுபடி எப்படிச் சொல்றது? உங்களுக்குத் தெரியலைன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?

"எடை சார். வியாழக்கிழமை எழுத விட்டுட்டேன். 57.5."

"நல்லது. போய்ப் படு."

டிசம்பர் 10, செவ்வாய்

எடை பார்க்கலை. ஆட்டம்: 1-0. ஏழாவது கோப்பை.

அறுபத்து மூணாவது நிமிஷம். அவரை யாரும் தொடலை. பந்தை வாங்கித் திரும்பினார், முட்டி திரும்பலை. பெஞ்சு வரைக்கும் சத்தம் கேட்டது.

அவருக்குப் பதிலா என்னை இறக்கினீங்க. அவர் கொடுக்க வேண்டிய பந்தைக் கடைசியில் நான் கொடுத்தேன், ஷிபு அண்ணன் அடிச்சார். எல்லாரும் என் மேல விழுந்து கட்டிப்பிடிச்சாங்க. நான் அடியில் கிடந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

டிசம்பர் 11, புதன்

ஆஸ்பத்திரி. முட்டிக்குள்ள ரெண்டு தசைநார் முழுசா அறுந்திருக்கு. "ஆப்பரேஷன் பண்ணினா நடக்கலாம்"னார் டாக்டர். ஓடறதைப் பத்தி அவர் பேசவே இல்லை, நாங்களும் கேட்கலை. ஆள் எடுக்க வந்தவங்க ஷிபு அண்ணன் பேரை எழுதிட்டுப் போயிட்டாங்களாம்.

வராந்தாவில் நீங்க என்னைக் கூப்பிட்டீங்க.

"அவன் ஆசான்கிட்ட கட்டு போட்டிருந்தான்னு டாக்டர் சொல்றாரு. உன் ரூம்லதானே இருந்தான்? உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். எழுதியிருந்தேனே சார்."

"எங்கே?"

முதல்ல நீங்க விளையாடறீங்கன்னு நினைச்சேன். அதுவும் என்கிட்ட. அப்புறம் உங்க முகத்தைப் பார்த்தேன்.

பையில் நோட்டு இருந்தது. கொடுத்தேன். உங்க விரல் பழக்கப்படி இடப்பக்கமா எடை, தூக்கம், எடைன்னு இறங்கிச்சு. அஞ்சாம் தேதியில் நின்னுச்சு. 'எடை எங்கே?' உங்க கையெழுத்து. அங்கிருந்து விரல் மெதுவா சிவப்புக் கோட்டைத் தாண்டிச்சு.

நின்னுக்கிட்டே படிச்சீங்க. நர்ஸ் ரெண்டு தடவை வழி கேட்டாங்க, உங்களுக்குக் கேட்கலை. முடிச்சுட்டு முன்பக்கம் திருப்பினீங்க. விசில், தண்ணித் தொட்டி, மீசை. மீசைக்கு ஒரு தடவையாவது சிரிச்சிருப்பீங்கன்னு நான் ஒரு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன் சார். இப்போதான் முதல் தடவை படிக்கிறீங்க. சிரிக்கலை.

"எல்லார் நோட்டுலயும் இப்படி எழுதியிருக்கா?"

"தெரியாது சார்."

உள்ளே பெனடிக் அண்ணன் என்னைப் பார்த்தார். "சொல்லிட்டியாலே?"

"வாயால சொல்லலை அண்ணே."

அவர் சிரிப்பார்னு நினைச்சேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

டிசம்பர் 13, வெள்ளி

கோப்பைக்கு அப்புறம் முதல் பயிற்சி. யார் கதவையும் நான் தட்டலை. ஆனாலும் 4.40க்குப் பதினேழு பேரும் நின்னோம், லேஸ் எல்லாம் உள்ளே.

நடு வட்டத்தில் நாற்காலி கிடந்தது. யார் தப்பு பண்ணினதுன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். நீங்க கேட் பக்கமிருந்து நடந்து வந்தீங்க. நாற்காலியைத் தண்ணித் தொட்டிக்கு நேரா திருப்பிப் போட்டீங்க. உட்கார்ந்தீங்க. மடியில் பதினேழு நோட்டு. என்னுடையது என் பையில் இருந்தது.

"எத்தனை சுற்று சார்?"ன்னார் ஷிபு அண்ணன்.

நீங்க விசிலை வாயில் வச்சுக்கிட்டீங்க. ஷிபு அண்ணன் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு ஓட ஆரம்பிச்சார். எல்லாரும் பின்னாடியே. வேற என்ன பண்றதுன்னு எங்களுக்கு நீங்க சொல்லித் தந்ததில்லை.

எத்தனையாவது சுற்றுன்னு தெரியலை, வெளிச்சம் வந்துடுச்சு. தொட்டிக்குப் பின்னாடி வந்ததும் எனக்கு ஓட முடியலை. மூச்சு இருந்தது, கால் நல்லா இருந்தது. நடந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாற்காலியில் இருந்து நல்லாத் தெரியும், எனக்குத் தெரியும் அது. விசில் உங்க வாயில்தான் இருந்தது. நாலு, அஞ்சு.

ஆறு.

நீங்க ஊதலை.